கச்சேரி மைதானத்துக்காகக் கோர்ட்டுப் படியேறிய கதை

சிவில் வக்கீலின் பிழைப்பு வாய்தாவில்தான் ஓடுகிறது. கோர்ட்டு வராந்தா பெஞ்சில் பெயர் கூப்பிடுவார்கள் என்று காத்திருந்து இடுப்பு பிடித்துக்கொண்டவர்கள் யாராவது இதைப் படித்தால், என் கஷ்டம் சொல்லாமலே புரியும். திருப்பனந்தாள் பக்கம் ஒரு சின்ன ஊரில், பாகப்பிரிவினை, வரப்புத் தகராறு, வாய்க்கால் ஆக்கிரமிப்பு என்று என் தொழில் நடக்கிறது. வருகிறவர்கள் எல்லோரும் "இது என் இடம்" என்றுதான் வருவார்கள். யாருமே "என் இடம்" என்று சொல்ல முடியாத ஓர் இடத்துக்காக ஒரே ஒரு தடவை வாதாடினேன்.

எங்கள் ஊர் நடுவில் வெள்ளைக்காரர் காலத்துத் தாலுகா கச்சேரி இருக்கிறது. பாட்டுக் கச்சேரி இல்லை. தாசில்தார் உட்கார்ந்த ஆபீஸ். கனமான செங்கல் தூண்கள், முன்னால் பெரிய மைதானம், சுற்றிலும் தூங்குமூஞ்சி மரங்கள். ஆபீஸ் புதுக் கட்டடத்துக்குப் போனதும், எல்லாவற்றையும் இடித்துவிட்டு வணிக வளாகம் வரப்போகிறது என்று ஒரு போர்டு வைத்தார்கள்.

பாய் வந்தார்

போர்டு வைத்த வாரமே ஹாஜா பாய் என் ஆபீசுக்கு வந்துவிட்டார். வளைகுடா நாட்டில் பல வருஷம் வேலை பார்த்துத் திரும்பியவர். மைதானத்துக்கு எதிரே ஃபேன்சி ஸ்டோர் வைத்திருக்கிறார். வளாகம் வந்தால் கூட்டம் வரும், அவர் கடைக்கும் வியாபாரம் கூடும். அதைத் தடுக்க அவரே வழக்குப் போட வந்தது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

"பாய், மால் வந்தா உங்களுக்கு நல்லதுதானே?" என்றேன்.

"அங்க நான் பாக்காத மாலா, வக்கீலம்மா? ஒதுங்க ஒரு மர நிழல் இல்லாம, ஏசி கடைக்குள்ள பூந்து, வாங்கவே போகாத செருப்புக்கெல்லாம் விலை கேட்டுக்கிட்டு நின்னவன் நான். நம்ம ஊரு ஜனமும் அப்படி நிக்கணுமா?"

மாடியில் மீன்கடை

ஊர் மக்கள் சார்பாகப் போடும் வழக்கு என்பதால் துணைக்கு இன்னொரு வாதி இருந்தால் நல்லது என்று நினைத்தேன். செல்வி சம்மதித்தார். நாகப்பட்டினம் பக்கத்துக் கடற்கரைக்காரர். கச்சேரி மதிலோரம், மரத்தடியில் மீன் விற்கிறார். வழக்கைக் கோர்ட்டு எடுத்துக்கொண்டு அரசுத் தரப்புக்கு நோட்டீஸ் போனதும், யாரோ அவரைக் கூப்பிட்டு, பெயரை வாபஸ் வாங்கினால் வளாகத்தில் ஒரு கடை நிச்சயம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

ஒருநாள் மத்தியானம் கூடையை வாசலில் வைத்துவிட்டு உள்ளே வந்தார். போச்சு, விலகத்தான் வந்திருக்கிறார் என்று எனக்குள் ஒரு பயம். வெயிலில் உட்கார்ந்து பிழைக்கிறவர், ஷட்டர் போட்ட கடை வேண்டும் என்று ஆசைப்பட்டால் நான் எந்த வாயால் தடுப்பது? "உங்க இஷ்டம் செல்வி, நான் தப்பா நினைக்க மாட்டேன்" என்று நானே ஆரம்பித்தேன். அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"கடை மொத மாடியிலயாம் மேடம். மாடியில மீன் வித்தா வாடைதான் கீழ எறங்கும், ஆளு மேல ஏறாது. எம் பேரு அப்படியே இருக்கட்டும்."

செருப்பைக் கழட்டுங்க

மைதானம் யாருக்கும் பயன்படாமல் புதர் மண்டிக் கிடக்கிறது என்று அரசு வக்கீல் எழுதிக் கொடுத்தார். நேரில் பார்த்து அறிக்கை தரும்படி கோர்ட்டு ஒரு வக்கீலைக் கமிஷனராக அனுப்பியது. கும்பகோணத்துக்காரர், பளபளவென்று பாலிஷ் போட்ட ஷூவோடு வந்து இறங்கினார்.

அது குறுவை அறுப்பு முடிந்த சமயம். ஈரப்பதம் அதிகம் என்று கொள்முதல் நிலையத்தில் நெல்லைத் திருப்பி அனுப்பிவிட்டதால், ஊரே மைதானத்தில் கொண்டுவந்து கொட்டிக் காயவைத்திருந்தது. இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை ஒரே நெல். அரசு வக்கீல் புதரைத் தேடினார், கிடைக்கவில்லை. தேடுவதற்குக் கால் வைக்கவே இடமில்லை. கமிஷனர் டேப்பைப் பிரித்துக்கொண்டு ஓரடி எடுத்து வைத்ததும், நெல்லைக் காலால் கிளறிக்கொண்டிருந்த ஒரு பெண் நிமிர்ந்தார்.

"அளக்கறதுன்னா நல்லா அளந்துக்கங்க சார். ஆனா அந்தச் செருப்பைக் கழட்டிப்புட்டு அளங்க, திங்கிற நெல்லு!"

மேலேயே பார்க்காதீங்க

புதர் கைவிட்டதும் எதிர்த்தரப்பு கட்டடத்தைப் பிடித்துக்கொண்டது. எந்த நேரமும் இடிந்து விழலாம், உயிருக்கு ஆபத்து, உடனே இடிக்க அனுமதி வேண்டும் என்று மனு. அந்த மனு நிலுவையில் இருக்கும்போதே ஐப்பசி மழை புயலோடு சேர்ந்துகொண்டது. வாய்க்கால் உடைத்துக்கொண்டு தாழ்வான தெருக்களில் தண்ணீர் ஏறியது. புதிய சமுதாயக் கூடத்திலும் முழங்கால் தண்ணீர். வேறு வழியில்லாமல் வருவாய்த் துறை ஆட்களே கச்சேரியின் பூட்டைத் திறந்து ஜனங்களைத் தங்கவைத்தார்கள்.

ஹாஜா பாய் கோரைப் பாய்களும் பிஸ்கட்டும் கொண்டுவந்து இறக்கினார். செல்வி குடும்பமும் உள்ளேதான் இருந்தது. நானும் போனேன். வெளியே காற்று ஊளையிட்டது. கட்டடம் உறுதியானது என்று கோர்ட்டில் சத்தம் போட்டுச் சொன்னவள் நான்தான். இப்போது அதற்கடியில் இத்தனை குழந்தைகள். எதிர்த்தரப்பு சொன்னது உண்மையாக இருந்துவிட்டால்? எங்கேயாவது ஒழுகுகிறதா, விரிசல் இருக்கிறதா என்று கூரையையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு சொட்டு இறங்கவில்லை. செல்வி ஒரு தட்டில் சோற்றைப் போட்டு என் கையில் திணித்தார்.

"நீங்க மேலயே பாத்துக்கிட்டு நின்னா எங்களுக்குல்ல பயமா இருக்கு மேடம். உக்காந்து சாப்பிடுங்க."

ஒரு வார்த்தை அதிகம்

மழை விட்டதும் விசாரணை. அரசு வக்கீல் எழுந்து, கட்டடம் எந்த நேரமும் விழும் என்று மறுபடியும் ஆரம்பித்தார். நான் ஒரே ஒரு புகைப்படத்தைக் கொடுத்தேன். கச்சேரி முகப்பில் தாலுகா ஆபீசே கட்டிய ஃபிளெக்ஸ்: 'பாதுகாப்பான நிவாரண முகாம்.'

நீதிபதி கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு அதை நிதானமாகப் பார்த்தார். "இடியப்போற கட்டடத்துலயா ஜனங்களைத் தங்க வச்சீங்க? இல்ல, நல்லா இருக்கற கட்டடத்தையா இடிக்கப் போறீங்க? ரெண்டுல எதுன்னு சொல்லிடுங்க" என்றார். அரசு வக்கீல் வாய்தா கேட்டார். கிடைக்கவில்லை. வெளியே வராந்தாவில் என்னைப் பார்த்ததும் கோட்டைக் கழற்றிக்கொண்டே சிரித்தார்.

"கேஸை நீங்க ஜெயிக்கல மேடம். எங்காளு எவனோ ஃபிளெக்ஸ்ல ஒரு வார்த்தை அதிகமா அடிச்சிட்டான்."

தீர்ப்புக்கு அப்புறம்

கட்டடத்தை இடிக்கக் கூடாது, மரங்களை வெட்டக் கூடாது, பழமை கெடாமல் பாதுகாக்க வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. ஹாஜா பாய் கடைத்தெரு முழுக்க அல்வா கொடுத்தார். செல்வி எனக்கு வஞ்சிரம் எடுத்து வைத்தார். காசு கொடுக்கப் போய் திட்டு வாங்கினேன்.

தீர்ப்பை நிறைவேற்றுவதில் அரசாங்கம் இவ்வளவு வேகம் காட்டி நான் பார்த்ததில்லை. மைதானத்தைச் சுற்றிக் கம்பி வேலி வந்தது. மதிலோரம் வேலிக்குள் போய்விட்டதால் செல்வியின் கூடை ரோட்டு வெயிலுக்கு நகர்ந்தது. வாசலில் பெரிய இரும்புக் கேட்டு, அதில் பூட்டு, பக்கத்தில் நீல போர்டு: 'பாரம்பரியச் சின்னம். பொதுமக்கள் உள்ளே வரக் கூடாது.' சம்பா நெல்லோடு வந்த டிராக்டர்கள் கேட்டு வரை வந்து திரும்பின. ஹாஜா பாய் கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தார்.

"நல்லாத்தான் காப்பாத்தியிருக்கோம், வக்கீலம்மா. நம்மகிட்டேருந்தே காப்பாத்திட்டோம்."

கேட்டைத் திறக்கச் சொல்லி அதே இரண்டு பேருக்காகப் புது வழக்குத் தாக்கல் செய்திருக்கிறேன். ஆக, அரசாங்கம் இடிப்பதிலிருந்து ஓர் இடத்தைக் காப்பாற்ற ஒரு வழக்கும், அரசாங்கம் பாதுகாப்பதிலிருந்து காப்பாற்ற இன்னொரு வழக்கும் வேண்டியிருக்கிறது.