மாத்திரைக்கு முன் ஒரு சிட்டிகை

வாசகப் பெருமக்களே, இதற்கு நீங்களே சாட்சி. பக்தியால் மனநோய் தீராது என்று கல்லூரி மேடைகளில் முழங்கியவன் நான். மனநல மருத்துவமனையில் இருந்த என் அண்ணனோ, மாத்திரையில் விஷம் இருப்பதாக அஞ்சி, விழுங்க மறுத்தார். என் வாதங்கள் எதுவும் எடுபடவில்லை.

"முன்னாடியெல்லாம் பயம் வந்தா என்ன பண்ணுவீங்க?" என்று மருத்துவர் கேட்டார்.

"திருநீறு இட்டுக்குவேன். இவன் சிரிப்பான்," என்றார் அண்ணன்.

மருத்துவர் என்னிடம், "திருநீறு மருந்தில்ல, தம்பி. ஆனா பயம் கொறைஞ்சா மருந்து உள்ளே போகும்," என்றார்.

மறுநாள் மயிலாப்பூர் கோயிலிலிருந்து நானே திருநீறு கொண்டுவந்தேன். அண்ணன் நெற்றியில் பூசிக்கொண்டார்; மாத்திரையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு விழுங்கினார்.

"உன் பேச்சைவிடக் கசப்பு கம்மிதான்டா," என்றார்.

என் கொள்கை இன்றும் மாறவில்லை. ஆயினும் அந்த வார்டு முழுவதும் கேட்க, "நாளைக்கும் நானே கொண்டாறேன், அண்ணா," என்று வாக்களித்தேன்.