நாலாவது ஆணி

எங்கள் வீட்டு முன்னறைச் சுவரில் நான்கு ஆணிகள் உண்டு. மூன்றில் படங்கள் தொங்கின. நாலாவதில் ஆறு வருடமாக என் கணவரின் குடைதான் தொங்கியது. அதைப் பார்த்துப் பார்த்தே எனக்கு ரத்தக் கொதிப்பு வந்திருக்க வேண்டும். டாக்டர்தான் உப்புமேல் பழி போட்டார்.

நான் பென்னாகரத்தில் கணக்கு டீச்சர். பாப் ஆர்ட் ஸ்கிரீன் பிரிண்ட் சேர்ப்பது என் பைத்தியம். கோலி சோடா, டிரான்சிஸ்டர், ஸ்கூட்டர், பிரஷர் குக்கர் என்று அன்றாடச் சாமான்களைக் கண்ணைப் பறிக்கும் ரோஸிலும் மஞ்சளிலும் அச்சடித்த நான்கு படங்கள் கொண்ட வரிசை ஒன்றின் மேல்தான் என் கண். ஒவ்வொன்றிலும் ஐம்பது பிரதிகள்தான். கீழே ஓரத்தில் பென்சிலால் எண் போட்டு ஓவியர் கையெழுத்திட்டிருப்பார். மூன்றை ஆன்லைன் ஏலத்தில் பிடித்துவிட்டேன். குக்கர் மட்டும் இரண்டு முறையும் நெட் கட்டாகிக் கைநழுவிப் போனது. "நம்ம வூட்டுக் குக்கரையே அதுல மாட்டிடேன்" என்பார் கணவர்.

மறுபடி பெங்களூரில் குக்கர் ஏலத்துக்கு வருகிறது என்று தெரிந்ததும் நேரிலேயே கிளம்பினேன், அண்ணனோடு. அண்ணன் மாட்டுத் தரகர். கார் அவருடையது, கன்னடமும் அவருக்குத்தான் வரும்.

ஏலத்துக்கு முன் படங்களைப் பார்வைக்கு வைத்திருந்தார்கள். ஏசி அறை, கிசுகிசுவென்று பேசும் கூட்டம். அண்ணன் தோளில் துண்டோடு குக்கர் முன்னால் போய் நின்றார். சந்தையில் மாடு வாங்க வேண்டுமென்றால் முதலில் அதைக் குறை சொல்ல வேண்டும். கொம்பு சரியில்லை, சுழி சரியில்லை என்று ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னால்தான் விலை இறங்கும். தங்கைக்காக அதையே இங்கும் செய்தார்.

"என்னம்மா இது? செவப்பு கோட்டத் தாண்டி வெளிய வழிஞ்சிருக்குது. விசில் ஒரு பக்கம், கலர் ஒரு பக்கம். இதப் போயி யாரு வாங்குவாங்க?"

எல்லோருக்கும் புரியட்டும் என்று அதைக் கன்னடத்திலும் சொன்னார்.

ஸ்கிரீன் பிரிண்டில் ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனியாக அச்சடிப்பார்கள். ஒரு நிறம் நகர்ந்துவிட்டால் ஐம்பதில் அந்தப் பிரதி மட்டும் தனித்து நிற்கும். அப்படிப்பட்ட பிரதிக்காக உயிரை விடுகிற ஆட்கள் இருக்கிறார்கள். அதுவரை யாரும் கவனிக்காததை அண்ணன் விரல் நீட்டிக் காட்டிக் கொடுத்துவிட்டார். மூன்று பேர் ஓடிவந்து குனிந்தார்கள். ஒருவர் பையிலிருந்து பூதக்கண்ணாடியே எடுத்துவிட்டார். ஏலம் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே விலை எனக்கு எட்டாத உயரத்துக்குப் போக, என் கை தானாக மடிக்கு இறங்கிவிட்டது.

திரும்பும்போது கிருஷ்ணகிரி வரை நான் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தேன்.

"நான் பொய் சொல்லலியே, பாப்பா" என்றார் அண்ணன்.

"அதாங்ணா பிரச்சினை" என்றேன். அழுகை வந்தது. நாற்பத்தெட்டு வயதில் குக்கருக்காக அழுகிறோமே என்று வெட்கமும் வந்தது.

அடுத்த வருடம் வேறொரு பிரதி ஏலத்துக்கு வந்தது. ஐம்பது அச்சடித்ததில் அப்படி ஒரு வசதி.

"இந்த வாட்டி நான் வாயே தொறக்க மாட்டேன்" என்றபடி அண்ணன் கார் சாவியோடு வந்து நின்றார்.

"தொறக்கணும்ணா. போன வாட்டி நீங்க கொறை சொன்னீங்க, வெல ஏறிப் போச்சு. இப்ப புகழ்ந்து பேசுங்க."

அவர் முகம் வெளுத்துவிட்டது. வாங்கப்போகிற மாட்டை வாய்விட்டுப் புகழ்ந்தால் கண் பட்டுவிடும் என்பது அவர் தொழிலில் பால பாடம். ஒரு கன்றுக்குட்டியைக்கூட அவர் நன்றாக இருக்கிறது என்று சொன்னதில்லை. என் கல்யாணத்தின்போது மாப்பிள்ளை எப்படி என்று கேட்டவர்களிடமும் "பரவால்ல" என்றுதான் சொன்னார்.

ஆனாலும் எனக்காகச் சொன்னார். படத்தின் முன் நின்று, கண்ணை மூடிக்கொண்டு, "ஒரு கொறையும் இல்ல. கலரெல்லாம் கோட்டுக்குள்ளயே நிக்குது. சுத்தமான படம்" என்றார், இரண்டு மொழியிலும். அதே பூதக்கண்ணாடிக்காரர் எட்டிப் பார்த்தார். எல்லாப் பிரதியும் இப்படித்தானே என்பதுபோல் உதட்டைப் பிதுக்கிவிட்டு நகர்ந்தார். எனக்குப் போட்டியாக வந்தவர் ஒரே ஒருவர். அவரும் போனில் பேசிக்கொண்டே கை தூக்கியவர். குக்கர் எனக்கே கிடைத்தது.

கண்ணாடி போட்டுச் சட்டம் அடித்து, குடையை இறக்கிவிட்டு மாட்டினோம். நான் காபி கொண்டுவருவதற்குள் அண்ணன் என் மை டப்பாவைத் தேடி எடுத்து, கண்ணாடியின் மேல், சரியாகக் குக்கரின் கன்னத்தில், கறுப்பாக ஒரு பொட்டு வைத்திருந்தார்.

"அவ்ளோ பேருக்கு முன்னால புகழ்ந்துட்டேனே, பாப்பா. இருக்கட்டும்."

அவர் போனதும் துடைக்கத் துணியோடு வந்தேன். மனசு வரவில்லை.

போன மாதம் அந்தப் பூதக்கண்ணாடிக்காரர் ஒகேனக்கல் போகிற வழியில் என் படங்களைப் பார்க்க வந்தார். குக்கரிடம் வந்ததும் நின்றுவிட்டார். பையில் கைவிட்டுப் பூதக்கண்ணாடியை எடுத்தார்.

"இந்தப் பொட்டு அம்பது பிரதியிலும் உண்டா?"

"இல்லைங்க" என்றேன். "என்னுதுல மட்டுந்தான்."