லட்சுமியின் பாட்டைத் தேடிப் போனேன்

ஒரு பாட்டின் மிச்சத்தைத் தெரிந்துகொள்ளும் ஆசையில் ஒரு பெண்ணை நான் காட்டிக்கொடுத்தேன். அது முதல் குற்றம். அதைவிடப் பெரியது, அதன்பின் நான் அவளிடம் சொன்ன ஒரு பொய். பத்து ஆண்டுகளாக யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

ஐம்பதுகளின் கடைசியில், சிவகாசிக்குப் பக்கத்தில் ஒரு சிறிய மிஷன் ஆஸ்பத்திரியில் நான் நர்சாக இருந்தேன். பெண்கள் வார்டு என் பொறுப்பு. பதினாறு கட்டில்கள். பாதிக் கட்டில்களில் எப்போதும் தீப்பெட்டிக் கம்பெனியிலோ பட்டாசுக் கம்பெனியிலோ கை வெந்து வந்தவர்கள்.

டிசம்பர் பிறந்துவிட்டால் அந்த வார்டில் ஒரு வழக்கம் உண்டு. கிறிஸ்துமஸ் வரைக்கும், விளக்கு வைக்கிற நேரத்தில், தினம் ஒருவர் தமக்கு மிகப் பிடித்த ஒரு பாட்டைப் பாட வேண்டும். கீர்த்தனைதான் பாட வேண்டும் என்பதில்லை. இரண்டு கையிலும் கட்டுப் போட்டிருந்த ஒரு பெண் டாக்கீஸில் கேட்ட டூயட்டைப் பாடினாள். ஆண் குரலையும் அவளே பாடினாள்! வார்டே சிரித்தது. டாக்டரம்மாகூடச் சிரித்தார்கள்.

எனக்கோ ஒவ்வொரு பாட்டும் ஒரு பூட்டிய பெட்டி. இந்தப் பாட்டை இவளுக்கு ஏன் பிடித்தது? யார் சொல்லிக்கொடுத்தார்கள்? எங்கே கேட்டாள்? நச்சரித்துக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் எனக்குத் தூக்கம் வராது. அதை அன்பு என்று நினைத்திருந்தேன்...

பதினொன்றாம் நாள் லட்சுமியின் முறை.

லட்சுமி நோயாளி இல்லை. தீபாவளி கழிந்து வேலை கேட்டு வந்தவள். கட்டுத்துணிகளை வெந்நீரில் அலசிக் காயப்போடுவாள். இருபது வயது இருக்கும். ஊரைக் கேட்டால் தெற்கே என்பாள். உறவைக் கேட்டால் யாருமில்லை என்பாள். பாட மாட்டேன் என்று அன்று மூன்று முறை மறுத்தாள். பிறகு, சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு பாடினாள்.

“ஏழு படி எறங்கி எட்டிப் பாத்தேன் கெணத்துக்குள்ள, ரெண்டு நிலா மெதக்குதம்மா... எந்த நிலா என் நிலா?”

அவ்வளவுதான். அந்தக் குரலை எப்படிச் சொல்வேன்! முனகிக்கொண்டிருந்தவர்கள் முனகலை நிறுத்தினார்கள்.

“அப்புறம்?” என்றேன்.

“அம்புட்டுதான்க்கா. அதுக்கு மேல இல்ல.”

இருந்தது. எனக்குத் தெரியும். அடுத்த அடிக்காக அவள் மூச்சு இழுத்ததை நான் பார்த்தேன். வாய் திறந்து, மூடிக்கொண்டதையும் பார்த்தேன். கிணற்றில் ஏன் இரண்டு நிலா? அது யார் கட்டிய பாட்டு? மறுநாள் கேட்டேன். அதற்கு மறுநாளும் கேட்டேன். “விடுங்கக்கா” என்று மட்டும் சொன்னாள். அங்கேயே நான் நின்றிருக்க வேண்டும்... நின்றேனா?

அந்த வாரம் எனக்கு ஒரு நாள் விடுப்பு. விருதுநகரில் என் பெரியம்மா வீடு; அடுத்த கட்டடம் வற்றல் மண்டி. அங்கே இருபது முப்பது பெண்கள் உட்கார்ந்து மிளகாய் வற்றலுக்குக் காம்பு கிள்ளுவார்கள். சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்தெல்லாம் வருபவர்கள். இவர்களில் ஒருத்திக்காவது தெரிந்திருக்காதா என்று போனேன். நெடியில் இருமிக்கொண்டே அந்த அடியைப் பாடிக்காட்டினேன். பலர் சிரித்தார்கள்.

ஒருத்தி மட்டும் தலை நிமிராமலே அடுத்த அடியைப் பாடினாள்!

அதில் இரண்டு பெண்களின் பெயர்கள் இருந்தன. அந்த அடியை இங்கே எழுதப் போவதில்லை. அறிய ஆசையாக இருக்கிறதா உங்களுக்கு? எனக்கும் அப்படித்தான் இருந்தது.

பாடி முடித்தபின் அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். “இத நீக எங்கன கேட்டீக?”

“எங்க ஆஸ்பத்திரியில ஒரு பொண்ணு பாடுச்சு. துணி அலசுற பொண்ணு.”

“செவத்த புள்ளயா? மோவாயில தழும்பு இருக்குமா?”

“ஆமா! உங்களுக்குத் தெரியுமா அவள?” எவ்வளவு ஆவலோடு கேட்டேன் தெரியுமா! ஆஸ்பத்திரி எங்கே இருக்கிறது என்பதையும் நானே சொன்னேன்.

அதன்பிறகுதான் அவள் கதையைச் சொன்னாள். அவர்கள் ஊரில் காடு கழனி வைத்திருந்த சம்சாரி வீடு ஒன்றில் இரட்டைப் பெண்கள் பிறந்தார்கள். அவர்களுக்காகத் தாய் கட்டிய தாலாட்டு அது. மூத்தவளைக் கட்டிக்கொடுத்தார்கள். ஒரு வருடத்தில் செத்துப்போனாள், வயிற்றுவலி என்றார்கள். அதே மாப்பிள்ளைக்கு இளையவளைக் கட்டுவதென்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள். தீபாவளிக்கு முன்னால் அவள் காணாமல் போனாள்.

நான் அவசரமாகச் சொன்னேன்: “யார்கிட்டயும் சொல்லிறாதீக, தாயி.”

“நா எதுக்குச் சொல்லப் போறேன்?” என்று மறுபடி காம்பு கிள்ளத் தொடங்கினாள்.

அதை நம்பினேனா? நம்ப ஆசைப்பட்டேன்.

திரும்பி வந்து வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் பாட்டு மூடிக்கொள்ளுமா? இரண்டாம் நாள் கட்டுத்துணியைச் சுருட்டிக்கொண்டே என்னை அறியாமல் முனகியிருக்கிறேன். கொடியருகே நின்றிருந்த லட்சுமியின் கையிலிருந்து ஈரத்துணி மண்ணில் விழுந்தது. லட்சுமி என்பது இங்கே வந்து அவள் வைத்துக்கொண்ட பெயர்; அவளுடைய உண்மைப் பெயரை அல்லவா நான் பாடிக்கொண்டிருந்தேன்!

“அக்கா... அத எங்கன கேட்டீக?”

இதோ, இந்த இடம்தான். இங்கே நான் உண்மையைச் சொல்லியிருந்தால் அன்று சாயங்காலமே அவள் ரயிலேறியிருப்பாள். மதுரையில் எங்கள் மிஷன் ஆட்களே இருந்தார்கள். நானே கூட்டிக்கொண்டு போயிருக்கலாம்.

“போன வருசம் இங்கன ஒரு அம்மா படுத்திருந்தாக. அவுக பாடுனாக” என்றேன்.

“எந்த ஊரு அவுக?”

“சாத்தூர்ப் பக்கம்.”

அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு குனிந்து துணியை எடுத்து மறுபடி அலசப் போனாள். ஏன் பொய் சொன்னேன்? அவள் என்னை வெறுப்பாளே என்ற பயமா? டாக்டரம்மாவுக்குத் தெரிந்துவிடுமே என்ற பயமா? மண்டிக்காரி சொல்ல மாட்டாள் என்று நம்பியதாலா? எல்லாமேதானா?

மூன்றாம் நாள் நண்பகலில் அவளுடைய அப்பா வந்தார். மீசை முறுக்கிய, அரிவாள் தூக்கிய ஆளை மனத்தில் வைத்திருந்தேன். வந்தவரோ மெலிந்தவர். கையில் குடையும், சேவுப் பொட்டலமும். “உனக்குப் புடிக்குமேன்னு வாங்குனேன் தாயி” என்று அதை அவளிடம் நீட்டினார். “ஒங்கம்மா சோறு தண்ணியில்லாமக் கெடக்கா. போவமா?”

டாக்டரம்மா அவளைத் தனியே அழைத்து, “உனக்கு இஷ்டமில்லன்னா போக வேண்டாம்” என்றார்கள். அவள் வாசலில் நின்ற அப்பாவின் குடையைப் பார்த்தாள். “போறேம்மா” என்றாள் கடைசியில்.

வாசற்படியில் என்னைத் தாண்டும்போது நின்றாள். கோபமே இல்லாத குரலில் கேட்டாள்: “அக்கா, போன வருசம் பாடுனாகளே, அந்தம்மா பேரு என்ன?”

பொய்க்கு ஒரு பெயர் வைக்கக்கூட எனக்கு அப்போது வாய் வரவில்லை. அவள் தலையை மெல்ல ஆட்டிக்கொண்டாள். போய்விட்டாள்.

அவளைப் பற்றி அப்பாவுக்கு எப்படித் தெரிந்தது என்று ஆஸ்பத்திரியில் எல்லாரும் பேசிக்கொண்டார்கள். நானும் அவர்களோடு சேர்ந்து வியந்தேன்! கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் என் முறை. தொண்டை கட்டிவிட்டது என்று சொல்லிவிட்டேன்.

அடுத்த வருடம் மண்டிக்குப் போனேன். அதே பெண். என்னைப் பார்த்ததும் பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள். “தையிலயே கல்யாணம் முடிஞ்சுருச்சு. ஒரு பொம்பளப்புள்ள பெத்துருக்கா. நல்லாத்தான் இருக்கா.” காம்பைக் கிள்ளிக்கொண்டே, “பேச்சுதான் கொறைஞ்சு போச்சு” என்றாள்.

அதற்கு நான் என்ன கேட்டேன் தெரியுமா? அடிக்கிறானா என்று கேட்கவில்லை. சாப்பிடுகிறாளா என்று கேட்கவில்லை. “புள்ளைக்கு அந்தப் பாட்டப் பாடுறாளா?” என்று கேட்டேன். அந்தப் பெண் என்னை ஏதோ அசிங்கத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

லட்சுமியின் ஊர் எனக்குத் தெரியும். விருதுநகரிலிருந்து பஸ் போகிறது. இரண்டு முறை ஏறி உட்கார்ந்து, புறப்படுமுன் இறங்கிவிட்டேன். நான் போனால் அவளுக்குத் தொல்லை வரும் என்று காரணம் சொல்லிக்கொள்கிறேன். அக்கறையா அது, கோழைத்தனமா?

ஒன்று மட்டும் இப்போதுதான் உறைக்கிறது. ஊரைக் கேட்டேன், உறவைக் கேட்டேன், பாட்டைக் கேட்டேன்... அந்த வீட்டில் உன் அக்காளுக்கு என்ன நேர்ந்தது, நீ எதற்குப் பயந்து ஓடி வந்தாய் என்று அவளிடம் நான் ஒருநாளும் கேட்கவில்லை. விருதுநகரிலிருந்து திரும்பி வந்தபின் இரண்டு முழு நாட்கள் ஒரே கூரையின் கீழ் இருந்தோமே. கேட்கவில்லையே!