கல் உடைத்தவளுக்கு மீசை

பெரிய டீச்சர் உடைத்த முதல் கல் என் நெற்றியைத்தான் பதம் பார்த்தது. பெண்ணையாற்று மணலில் பொறுக்கி வந்த வெள்ளைக் கூழாங்கல் அது. பள்ளிக்கூடத்துக் கொடிக்கம்ப மேடையில் அதை வைத்து, இன்னொரு கல்லால் ஓங்கி ஒரு போடு போட்டார். சில்லு பறந்து வந்து என் புருவத்துக்கு மேலே கிழித்தது. ரத்தத்தைப் பார்த்துப் பதறுவார் என்று நினைத்தேன். அவரோ கீழே கிடந்த சில்லைத் தேடி எடுத்து, பையிலிருந்த கரும்புத் துண்டின் தோலை அதாலேயே சீவிப் பார்த்து, "பாத்தீங்களா பெயிண்டரே, இன்னாமா அறுக்குது!" என்று குதூகலித்தார். பஞ்சு கொண்டுவரச் சொன்னதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

அவர் எங்கள் ஊர் அரசு நடுநிலைப் பள்ளியின் தலைமையாசிரியை. வில்லியனூர்ப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம். தினமும் ஸ்கூட்டரில் பாகூர் கொம்யூன் பஞ்சாயத்தில் இருக்கும் எங்கள் ஊருக்கு வந்து போவார். நான் பெயர்ப்பலகை எழுதுகிறவன், சுவருக்கு வண்ணம் அடிக்கிறவன். ஆனால் சுற்றுவட்டாரத்தில் எனக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது ஐயனார் மீசை. திருவிழாவுக்கு முன்னால் கோயில் சிலைகளுக்கு யார் வேண்டுமானாலும் வண்ணம் பூசட்டும், மீசைக்கு மட்டும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அன்று காலையில் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் போய், மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே இழுப்பில் இழுத்து முடிப்பேன். இடையில் தூரிகையை எடுத்தால் சாமிக்கு ஆகாது என்பது எங்கள் வழக்கம்.

அப்படிப்பட்டவனைத்தான் டீச்சர் கூப்பிட்டு, ஆதி மனிதர்கள் கருவி செய்த கதையை மதில் சுவர் முழுக்க வரையச் சொன்னார். கல், நெருப்பு, பானை, இரும்பு என்று நான்கு கட்டம். நான் கடையில் விற்கும் அட்டைப் படத்தைப் பார்த்து முதல் கட்டத்தை வரைந்துவிட்டேன். தாடிக்காரன் ஒருவன் கல் உடைக்கிறான், பக்கத்தில் ஒரு பெண் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அவனையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். டீச்சர் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றார்.

"இந்தம்மா ஏன் சும்மா உக்காந்து வேடிக்கை பாக்குது?"

"அட்டையில அப்பிடித்தான் இருக்குது டீச்சர்."

"அட்டையப் போட்டவரு அப்ப கூட இருந்து பாத்தாரா? கெடச்சது கல்லு மட்டுந்தான். ஒடச்சது ஆம்பள கையா பொம்பள கையான்னு அந்தக் கல்லுல எழுதியா இருக்குது?"

எல்லாக் கல்லையும் பெண்தான் உடைத்தாள் என்று அவர் சாதிக்கவில்லை. தெரியாது என்பதுதான் அவர் கட்சி. தெரியாத இடத்தில் எல்லாம் ஆணைக் கொண்டுபோய் உட்கார வைப்பது எந்த ஊர் நியாயம் என்று கேட்டார். கல் உடைக்க ஆண்பிள்ளை பலம் வேண்டாமா என்று நான் வாய் விட்டதால்தான் ஆற்றுக் கல்லும் என் நெற்றிக் காயமும் வந்தன. பிறகு நானும் அடித்துப் பார்த்தேன். என் பலத்துக்குக் கல் உடையவில்லை, கட்டைவிரல் நகம்தான் கறுத்தது. போய்ப் படத்தை மாற்றினேன். கல் அவள் கைக்குப் போனது, குழந்தை அவன் மடிக்கு வந்தது.

அங்கேதான் பிடித்தது சனி. பெற்றோர் சங்கத் தலைவர் வந்து பார்த்தார். ஐயனார் கோயில் திருப்பணிக்கும் அவரே தலைவர்.

"இன்னாபா இது? ஆம்பள புள்ளைய வச்சிக்கினு உக்காந்திருக்கான். ஊரு சிரிக்கும்பா. நீ ஒண்ணும் அழிக்க வேணாம், அந்தப் பொம்பளைக்கு ஒரு மீசைய இழுத்து வுடு. ஒனக்கு இன்னா பெரிய வேலையா?"

"மீசை இல்லாம கல்லு ஒடையாதா தலைவரே?" என்றார் டீச்சர்.

தலைவர் அவர் பக்கமே திரும்பாமல் என்னைப் பார்த்து, "சித்திரையில ஐயனாருக்கு வேலை இருக்குது. யோசிச்சிக்கோ" என்றார். டீச்சரும் என்னைத்தான் பார்த்தார். "உங்க பொழப்பு பெயிண்டரே. நீங்க எது செஞ்சாலும் நான் தப்பா நெனைக்க மாட்டேன்" என்றார். அந்த வார்த்தைதான் எனக்கு ரோஷத்தைக் கிளப்பியது. பட்டினி கிடந்து சாமிக்கு வைக்கிற மீசையை, ஒருத்தி கையிலிருந்து கல்லைப் பிடுங்குவதற்கு வைப்பதா? கறுப்பு டப்பாவை மூடினேன். "என்னால ஆவாது தலைவரே" என்று சொல்லிவிட்டேன். அந்தச் சித்திரையில் வெளியூர் ஆள் வந்து ஐயனாருக்கு மீசை வைத்தான். மழையில் நனைந்த கோழிவால் போல இருந்தது. எனக்கு வலித்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

டீச்சர் ஓய்வு பெற்றார். போன மழைக்காலத்தில் இறந்தும் போனார். அவரைக் கல்லறையில் வைத்த ஈரம் காய்வதற்குள், சுவரில் இருந்தவளுக்கு மீசை முளைத்துவிட்டது. யாரோ எனாமல் பெயிண்டில் கோணல்மாணலாக இழுத்திருந்தார்கள். அவர் இருந்தவரை கிட்டே வரத் துணியாதவர்கள், செத்த பிறகு வீரம் காட்டுகிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பட்டப்பகலில், மதிய உணவு மணி அடித்த நேரத்தில், டப்பாவும் தூரிகையுமாகப் போய் நின்றேன். புதிதாக வந்த தலைமையாசிரியர் கண்டும் காணாததுபோல் அறைக்குள் போய்விட்டார்.

நான் அந்த மீசையைத் தொடவே இல்லை. அதற்குக் கீழே, நிறைமாத வயிறு ஒன்றை வரைந்தேன். தொப்புள் தள்ளிய வயிறு, பிள்ளை பெற்ற எந்தப் பெண்ணும் பார்த்தவுடன் மாதம் சொல்லிவிடுகிற வயிறு. தட்டோடு சுற்றி நின்ற பிள்ளைகள் முதலில் விழித்தன, பிறகு சிரித்த சிரிப்பில் ஒருத்திக்குப் புரையேறியது. சாயங்காலத்துக்குள் செய்தி டீக்கடைக்குப் போய்விட்டது. மீசை யாருடைய யோசனை என்று ஊருக்கே தெரியும். "இன்னா தலைவரே, மீசக்காரருக்கு எப்ப வளகாப்பு?" என்று தெருவுக்குத் தெரு கேட்டார்கள். கரும்பு வெட்டப் போகிற பெண்கள் வேலை மெனக்கெட்டுப் பள்ளிக்கூடத்துச் சுவர் வழியாகப் போனார்கள். கடைசியில் தலைவரே என் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டார்.

"வந்து அழிச்சித் தொலைபா."

"எத தலைவரே? வயித்தையா, மீசையையா?"

அவர் தெருவை இப்படியும் அப்படியும் பார்த்தார். "மீசையத்தான்யா" என்றார்.

அழித்துக் கொடுத்தேன். ஐயனார் மீசைக்கு இன்னும் என்னைக் கூப்பிடவில்லை, கூப்பிடாவிட்டால் போகட்டும். வயிற்றை அழிக்க யாரும் சொல்லவில்லை, நானும் அழிக்கவில்லை. அவள் பிள்ளைத்தாய்ச்சியாகவே உட்கார்ந்து கல்லை உடைத்துக்கொண்டிருக்கிறாள். தாடிக்காரன் மூத்ததை வைத்துக்கொண்டிருக்கிறான்.