மஞ்சவாடி இறக்கத்தில் எரிந்த லாரி

சத்யராஜுக்குக் கோபம் வந்தால் வாய் பேசாது, கைதான் பேசும். பாப்பிரெட்டிப்பட்டி லாரி ஸ்டாண்டில் இது எல்லோருக்கும் தெரியும். வாடகையில் கை வைத்த ஒரு புரோக்கரின் முன்பல்லை உதிர்த்துவிட்டு, போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் சாவகாசமாக உட்கார்ந்திருந்தவன் அவன். ஊரான் வண்டிகளைப் பதினைந்து வருஷம் ஓட்டி, முதலாளிகளிடம் முட்டி மோதி, கடைசியில் மனைவி ராதிகாவின் அப்பா கொடுத்த நிலத்தை விற்று, மீதிக்கு பைனான்ஸ் போட்டு ஒரு பழைய ஆறு சக்கர லாரி வாங்கினான். ஓனரும் அவன்தான், டிரைவரும் அவன்தான். மரவள்ளிக் கிழங்கு ஏற்றிக்கொண்டு சேலத்து ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போய்வருவான்.

சொந்த வண்டி வந்த பிறகுதான் அவனுக்கு ஒன்று விளங்கியது. ஓடினாலும் ஓடாவிட்டாலும் லாரி தின்றுகொண்டே இருந்தது. எஃப்.சி. என்ற தகுதிச் சான்று, பர்மிட், ரோடு டாக்ஸ், புகைச் சான்றிதழ், எல்லாவற்றுக்கும் மேலே இன்சூரன்ஸ். அந்த வருஷம் எஃப்.சி.க்காக நாலு டயர் மாற்றியதில் கை சுத்தமாக வறண்டிருந்தது. அப்போது பார்த்து இன்சூரன்ஸ் முடிந்தது.

"தேர்டு பார்ட்டி மட்டும் போட்டுக்கலாம்" என்றான் ராதிகாவிடம். "அது இல்லாம வண்டிய ரோட்டுல எடுக்க முடியாது, சட்டம். அதுக்கே நாப்பதாயிரம் கிட்ட ஆவுது. ஃபுல் இன்சூரன்ஸுன்னா இன்னும் பாதி மேல."

"ஏங்க, இத்தன வருஷமா ஃபுல்லாத்தான போட்டோம். வண்டிக்கு ஒண்ணுன்னா என்னங்க பண்றது?"

"அடுத்தவனுக்கு அடிபட்டா கம்பெனி குடுத்துரும். நம்ம வண்டிய நான் பாத்துக்கறேன். நாந்தான ஓட்டறேன்?"

தேர்டு பார்ட்டி மட்டும் கட்டிவிட்டு வந்தான். புது பாலிசி வந்து மூன்று வாரம்கூட ஆகியிருக்காது.

அன்று காலை லோடு ஏற்றும்போதே வண்டிக்கு அடியில் பிரேக் குழாயிலிருந்து காற்று இறங்கும் சத்தம் கேட்டது. சன்னமான சத்தம். ஆலையில் இறக்கிவிட்டு மெக்கானிக்கிடம் காட்டிக்கொள்ளலாம் என்று கிளம்பிவிட்டான். கிழங்கு ஒரு நாள் தாமதித்தால் ஆலைக்காரன் விலையில் வெட்டுவான்.

மஞ்சவாடிக் கணவாயில் இறக்கம் தொடங்கியதும் பிரேக்கை மிதித்தான். வண்டி கேட்கவில்லை. காற்றழுத்தம் காட்டும் முள் அடியில் விழுந்து கிடந்தது. கியரைக் குறைத்தான், எஞ்சின் அலறியதே தவிர வேகம் அடங்கவில்லை. ஹேண்ட் பிரேக்கை இழுத்தான். அது பேருக்கு இருந்தது. எதிரே மேலேறி வந்த பஸ்ஸின் கண்ணாடிக்குள் முகங்கள் தெரிந்தன. இடது பக்கம் பாறை. ஸ்டீயரிங்கைப் பாறைப் பக்கம் ஒடித்தான்.

அந்த ஓரத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் போய்க்கொண்டிருந்தது.

லாரி பாறையில் தேய்ந்து, மண்மேட்டில் முட்டி நின்றபோது, மோட்டார் சைக்கிளை ஓட்டியவன் பாறையடியில் கிடந்தான். தலை இருந்த இடத்தைச் சத்யராஜ் ஒருமுறைதான் பார்த்தான். முன் பம்பருக்கு அடியிலிருந்து ஒரு பெண் கத்தினாள். வண்டிக்கும் மண்ணுக்கும் நடுவில் அவளுடைய கால் மாட்டியிருந்தது.

இறங்கி ஓடியிருக்கலாம். டிரைவர்கள் எல்லோரும் செய்வது அதுதான். கூட்டம் சேருமுன் ஏதாவதொரு ஸ்டேஷனில் போய் நின்றுவிடுவார்கள். சத்யராஜும் பத்தடி ஓடினான். அந்தச் சத்தம் நிற்கவில்லை. திரும்பி வந்து ஜாக்கியை எடுத்தான்.

மண் இளகலாக இருந்தது, ஜாக்கி சாய்ந்தது. அடியில் ஒரு பலகையைக் கொடுத்து, இடது கையால் ஜாக்கியை அணைத்துப் பிடித்துக்கொண்டு வலது கையால் ராடை அடிக்கத் தொடங்கினான். முதல் உதை முதுகில் விழுந்தது. பக்கத்து ஊர் ஆட்கள் வந்துவிட்டிருந்தார்கள்.

"பொம்பள அடியில இருக்குதுங்க! வண்டிய தூக்கிக்கறேன், அப்புறம் அடிங்க!" என்று கத்தினான். யாருக்கும் கேட்கவில்லை. செருப்பு, கல், விறகுக்கட்டை. காது கிழிந்து ரத்தம் கழுத்துக்குள் இறங்கியது. வாழ்நாளில் ஓர் அடியையும் திருப்பிக் கொடுக்காமல் விட்டவனில்லை. அன்று கையை ஜாக்கியிலிருந்து எடுத்தால் வண்டி அவள் மேலேயே உட்காரும். அடித்துக்கொண்டே இருந்தான், அவர்களும் அடித்துக்கொண்டே இருந்தார்கள். பம்பர் ஒரு சாண் எழும்பியதும் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த பெண்கள் இருவர் அவளை வெளியே இழுத்துப் போட்டார்கள்.

அப்போதுதான் முருகேஷ் வந்து சேர்ந்தான். மோட்டார் சைக்கிளில் வந்து செத்துப் போன மாரப்பனின் தம்பி. அண்ணனைப் பார்த்தான். சத்யராஜின் கையிலிருந்த ராடைப் பிடுங்கினான். முதல் அடியில் வலது முழங்கைக்குக் கீழே எலும்பு வெளியே வந்தது. இரண்டாவது தோளில். மூன்றாவதைத் தலையில் இறக்கப்போனவனை யாரோ கட்டிப்பிடித்தார்கள். அவன் திமிறிக்கொண்டு போய் டீசல் குழாயை அறுத்துவிட்டுத் தீ வைத்தான். கிழங்கு வெந்து கருகும் வாசனை கணவாய் முழுக்கப் பரவியது. சத்யராஜ் ரோட்டில் கிடந்தபடி தன் வண்டி எரிவதைப் பார்த்தான்.

தருமபுரி அரசு ஆஸ்பத்திரியில் கைக்குத் தகடு வைத்தார்கள். வாசலில் போலீஸ் உட்கார்ந்திருந்தது. பம்பருக்கு அடியில் மாட்டியவள் மாரப்பனின் மனைவி எழிலரசி. அவளுக்கு முழங்காலோடு கால் போனது. எரிந்த லாரிக்கு ஒரு பைசா வராது என்று இன்சூரன்ஸ் கம்பெனி சொல்லிவிட்டது. ஃபுல் இன்சூரன்ஸ் இருந்திருந்தால் கலவரத்தில் எரிந்ததற்கும் கிடைத்திருக்கும். அதைக் கேட்டு ராதிகா மணிக்கட்டிலிருந்த வளையலைக் கழற்றி, மறுபடி போட்டுக்கொண்டாள்.

எழிலரசி இழப்பீட்டு வழக்குப் போட்டதும் கம்பெனி அனுப்பிய ஆள் ஒருவர் வீட்டுக்கு வந்தார்.

"அவன் திடீர்னு குறுக்க பூந்துட்டான், ஹெல்மெட்டும் இல்லன்னு கோர்ட்டுல சொல்லுங்க. எங்களுக்குத் தொகை குறையும். உங்க கிரிமினல் கேஸும் லேசாயிரும். வண்டிய எரிச்சவங்களுக்கு நீங்க எதுக்குப் பாவம் பாக்கணும்?"

சத்யராஜின் வக்கீலும் அதையே சொன்னார். சத்யராஜ் சரியென்று தலையாட்டினான். ராடு தன் கையில் இறங்கிய சத்தம் தினமும் அவனுக்குக் கேட்டுக்கொண்டிருந்தது.

சேதி எப்படியோ கசிந்தது. ஒரு ஞாயிறு மத்தியானம், லாரியை எரித்த வழக்கில் ஜாமீனில் வந்திருந்த முருகேஷ் கொடுவாளோடு வாசலில் நின்றான்.

"எங்கண்ணன் குறுக்க வந்தானாடா? கொன்னதும் இல்லாம பழியும் போடுவியாடா?"

கொடுவாள் நிலைக்கட்டையில் விழுந்து சிக்கியது. சத்யராஜ் இடது கையால் அவன் குரல்வளையைப் பிடித்துச் சுவரோடு அழுத்தினான். அன்றைக்குக் கொடுக்காத அடியெல்லாம் அந்த ஒரு கையில் சேர்ந்திருந்தது. முருகேஷின் கண் பிதுங்கியது, கால் தரையை உதைத்தது. அவனால் பேச முடியவில்லை, உதடு மட்டும் "ஓரமா... ஓரமா" என்று அசைந்தது.

"வுடுங்க! செத்துருவான், வுடுங்க!" ராதிகா புருஷனின் தகடு வைத்த கையில் ஓங்கிக் குத்தினாள். வலியில் பிடி விட்டது. முருகேஷ் வாசற்படியில் விழுந்து இருமினான், இருமலோடு அழுதான்.

"ஆமா, ஓரமாத்தான் போனாங்க" என்றான் சத்யராஜ், மூச்சு வாங்க. யாரிடம் சொன்னான் என்று அவனுக்கே தெரியவில்லை.

தருமபுரி கோர்ட்டில் கம்பெனியின் சாட்சியாகத்தான் அவனைக் கூண்டில் ஏற்றினார்கள். மோட்டார் சைக்கிள் எப்படி வந்தது என்று வக்கீல் கேட்டார்.

"ஓரமாத்தாங்க போனாங்க. வண்டிதான் என் கையில இல்ல. காலையிலயே காத்து எறங்கற சத்தம் கேட்டுதுங்க. பாக்காம எடுத்துட்டேன்."

கம்பெனி வக்கீலின் முகம் சிவந்தது. வெளியே வராந்தாவில் ஊன்றுகோலோடு நின்ற எழிலரசி அவனை நேராகப் பார்த்தாள்.

"இதுக்கு நான் கும்பிடு போட மாட்டேன்."

"வேணாங்க" என்றான்.

இழப்பீடு வெட்டு விழாமல் எழிலரசிக்குக் கிடைத்தது, கம்பெனிதான் கட்டியது. சத்யராஜ் சொன்னது கிரிமினல் வழக்கில் அவனுக்கே எதிராக நின்றது. ஒரு வருஷம் தண்டனை, லைசென்ஸும் போனது. அப்பீலில் வெளியே இருக்கிறான். அடித்து எரித்த வழக்கில் ஆளை அடையாளம் காட்டச் சொன்னபோது, சத்யராஜ் தன்னைக் காட்டாமல் விட்டுவிடுவான் என்று நம்பி முருகேஷ் அவனையே பார்த்துக்கொண்டிருந்தான். சத்யராஜ் இடது கையை நீட்டினான்.

"இவருதாங்க. ராடால அடிச்சதும் இவருதான், தீ வெச்சதும் இவருதான்."

வெளியே வந்ததும் ராதிகா கேட்டாள்: "வுட்டுருக்கலாமில்லீங்க?"

"நடந்ததத்தான் சொன்னேன். அன்னிக்கும், இன்னிக்கும்" என்றான்.

ராதிகா இப்போது பாப்பிரெட்டிப்பட்டி மில்லுக்கு வேலைக்குப் போகிறாள். பைனான்ஸ்காரன் இன்னும் வருகிறான். சத்யராஜ் ஜவ்வரிசி ஆலையில் கிழங்கு லாரிகளுக்குப் பின்னால் நின்று ரிவர்ஸ் சொல்கிறான். வலது கை தோளுக்கு மேல் எழும்புவதில்லை. பிரேக்கில் காற்று இறங்கும் வண்டி எது வந்தாலும், அதைச் சரிசெய்யாமல் கிழங்கை இறக்க விடமாட்டான். போன மாசம் இதற்காக ஒரு டிரைவர் அவன் சட்டையைப் பிடித்தான். சத்யராஜ் திருப்பி அடித்தான், இடது கையால்.