நாற்பத்திரண்டு நிமிடம்

ஐம்பத்துமூன்று வயதுவரை அவள் எதற்காகவும் ஓடியதில்லை. பஸ் கிளம்பிவிட்டால் அடுத்த பஸ் வரும் என்று நிற்கிற ரகம். பள்ளிக்கூடத்தில் ஓட்டப்பந்தயம் வைத்தால், மற்ற பிள்ளைகளின் செருப்புக்குக் காவல் இருக்கும் வேலையை முதல் ஆளாகக் கேட்டு வாங்கிக்கொள்வாள். சலவைக் கடையில் இருபத்திரண்டு வருடம் நின்றபடியே துணி மடித்ததில் கால் இரண்டும் வீங்கியதுதான் மிச்சம். அப்பேர்ப்பட்டவள் விடிந்தும் விடியாததுமாக மகனின் பழைய டீ சர்ட்டை மாட்டிக்கொண்டு தெருவில் ஓடினால் நாலு பேர் பார்க்கத்தான் செய்வார்கள். பார்த்தார்கள், சிரிக்கவும் சிரித்தார்கள். பூங்காவைச் சுற்றி ஓடும் இளவட்டங்கள் அவளுக்கு ஆமையக்கா என்று பெயர் வைத்தார்கள். அவள் காதில் விழாது என்று நினைத்து வைத்த பெயர். காதுமா காலைப்போல மெதுவாக வேலை செய்யும்?

அவளை ஓடவைத்தது அவள் புருஷன். டயர் கம்பெனி வாசலில் முப்பத்தோரு வருடம் டைம்கீப்பராக இருந்தவர். ஒரு நிமிடம் பிந்தி வந்தாலும் கார்டில் சிவப்பு மையால் கோடு போட்டுவிடுவார். சொந்த மச்சானுக்கே போட்டார். அந்தக் கோபத்தில் மச்சான் இரண்டு வருடம் வீட்டுப்படி ஏறவில்லை, இவரும் கூப்பிடவில்லை. ஓய்வுபெற்ற ஏழாவது மாதம், ஒரு மதியம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே வலப்பக்கம் மொத்தமாக விழுந்துவிட்டது. பேச்சு மட்டும் தப்பிப் பிழைத்தது, அதுவும் அரைகுறையாக.

கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கும், நாற்காலியிலிருந்து கழிவறைக்குமாக நாளைக்கு எட்டுத் தடவை அவரைத் தூக்க வேண்டும். மூன்றாவது தடவையிலேயே அவளுக்கு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. ஒருநாள் குளியலறை வாசலில் இருவரும் சேர்ந்தே விழுந்தார்கள். எழுந்திருக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. விஷயம் தெரிந்ததும் வெளியூரில் இருக்கும் மகன் ஃபோன் செய்தான்.

"உன்னால முடியலன்னு ஒத்துக்கோம்மா. நல்ல முதியோர் இல்லமா ஒண்ணு பாத்து வெச்சிருக்கேன். வருஷக் கடைசி வரைக்கும் பாப்போம். அதுக்கப்புறம் நான் சொல்றத நீ கேக்கணும்."

ஸ்பீக்கரில் போட்டது அவள் தப்பு. புருஷனும் கேட்டுக்கொண்டிருந்தார். அன்று முழுக்க ஒரு வாய் சாப்பிடவில்லை.

வாரம் இரண்டு நாள் வந்து அவருடைய கை காலை மடக்கி நீட்டும் பிசியோதெரபிக்காரப் பெண்தான் வழி சொன்னாள். "உங்களுக்கு மூச்சுல தெம்பே இல்லம்மா. ஓடிப் பழகுங்க. ஒரு விளக்குக் கம்பத்துலேர்ந்து அடுத்த கம்பம் வரைக்கும் ஓடுங்க, அங்கேர்ந்து அதுக்கடுத்தது வரைக்கும் நடங்க. எவ்வளவு மெதுவா வேணாலும் போங்க. விட்டுட மட்டும் விட்டுடாதீங்க."

முதல் நாள் மூன்றாவது கம்பத்திலேயே கண் இருட்டியது. கொஞ்ச நாளில் ஒரு பாதை பிடிபட்டது. பேக்கரி வரைக்கும் போய், பூங்காவை ஒரு சுற்றுச் சுற்றி வீடு திரும்ப நாற்பத்திரண்டு நிமிடம். அவள் கதவைத் திறந்ததும் அவர் கடிகாரத்தைப் பார்த்து, இடது கையால் பழைய டைரியில் கோணல்மாணலாக எழுதுவார். "நாப்பத்திரண்டு" என்று வாயாலும் சொல்வார். மறுநாள் நாற்பத்துமூன்று. அதற்கு மறுநாள் மறுபடியும் நாற்பத்திரண்டு. இரண்டு மாதம் இதே கதைதான்.

அவளுக்கு அது அறுத்தது. வேகமாக ஓடி யாரிடமும் மெடல் வாங்கப்போவதில்லை. ஆனால் அவ்வளவு நேரம் அந்த மனுஷனைத் தனியாக விட்டுவிட்டு வந்திருக்கிறோம் என்பது ஒவ்வொரு கம்பத்திலும் பிடுங்கித் தின்றது. தண்ணீர் கேட்டால் யார் கொடுப்பது? நாற்காலியிலிருந்து சரிந்தால்? ஒருநாள் வெறுத்துப்போய் பேக்கரி வாசலில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றியே விட்டாள். அப்புறம் குளியலறை வாசல் ஞாபகம் வந்தது. மறுபடி மாட்டிக்கொண்டு எழுந்தாள்.

"வேகமே வர மாட்டேங்குதுங்க" என்று அவரிடம் குறைப்பட்டுக்கொண்டாள்.

"எதுக்கு வேகம்? இது போதும்."

ஒரு நிமிடத்துக்கு மச்சானையே பகைத்துக்கொண்டவர் சொல்கிற பேச்சா இது? தன்மேல் இரக்கப்பட்டுச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டாள். இதற்கிடையில் எட்டுத் தடவை தூக்கினாலும் மூச்சு வாங்காமல் போயிருந்தது. வீடியோ காலில் அதைப் பார்த்த மகன் இல்லத்தைப் பற்றிப் பேசுவதைக் குறைத்துக்கொண்டான். ஆனாலும் அவளுக்கு ஆறவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, நடக்கிற கம்பங்களையும் ஓடிக் கடந்தாள். நாலாவது மாதம் நாற்பதுக்கு வந்தது. அப்புறம் முப்பத்தொன்பது.

முப்பத்தாறு நிமிடத்தில் வந்து சேர்ந்த அன்று, இரண்டு மாடிப் படியையும் ஓடியே ஏறினாள். கதவுக்கு வெளியிலேயே சத்தம் கேட்டது. தொண்டையில் எதுவோ அடைத்துக்கொண்டதுபோல ஒரு சத்தம். விழுந்துவிட்டார் என்று பதறி சாவியைப் போட்டுத் திறந்தாள்.

அவர் விழவில்லை. ஜன்னலோரம் நாற்காலியில் இருந்தார். துண்டை வாயில் திணித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். பெற்ற தாய் செத்த அன்றுகூட அழாத மனுஷன். அழுகையில் முகம் ஒரு பக்கம் மட்டும் கோணியது.

அவளைக் கண்டதும் துண்டை உருவிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார்.

"முப்பத்தாறு" என்றார். பிறகு, "சீக்கிரம் வந்துட்ட."

அதில் பாராட்டு இல்லை. தப்புச் செய்துவிட்டவளைப்போல அவள் வாசலிலேயே நின்றாள்.

அதற்கப்புறம் நாலு நாள் அவள் ஓடப் போகவில்லை. முட்டி வலி என்று சொல்லிவிட்டு அவர் பக்கத்திலேயே இருந்தாள். அவருக்கோ நாளுக்கு நாள் முகம் கல்லாகிக்கொண்டு வந்தது. ஸ்பூனைத் தட்டிவிட்டார். பிசியோதெரபிக்காரப் பெண்ணிடம் எரிந்து விழுந்தார். ஐந்தாம் நாள் விடிந்ததும் அவளைக் கூப்பிட்டார்.

"ஷூவ போடு."

"வேணாங்க. உங்கள இப்படி விட்டுட்டு நான் எங்க போறது?"

"போடுன்னேன்." ஒவ்வொரு வார்த்தையும் தடுக்கித் தடுக்கி வந்தது. "நீ பக்கத்துல இருந்தா என்னால அழ முடியலடி. பாத்தா நீ உடைஞ்சு போயிடுவ. எனக்கு அந்த நாப்பத்திரண்டு நிமிஷம் வேணும். அது இல்லன்னா மிச்ச நேரத்த ஓட்ட முடியல."

அவள் ஷூவை எடுத்து மாட்டினாள். கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கினாள். இத்தனை நாளும் அவருடைய நேரத்தில் அல்லவா கை வைத்துக்கொண்டிருந்திருக்கிறோம் என்று நினைக்க நினைக்க, தன்மேலேயே ஆத்திரம் வந்தது. மெதுவாகப் போகலாம் என்றால், பழகிவிட்ட கால் கேட்கமாட்டேன் என்றது. பூங்காவில் எதிரே வந்த பையன் கட்டைவிரலை உயர்த்தி, "அக்கா, இன்னிக்கு சூப்பரா போறீங்க, விட்றாதீங்க" என்றான். அவள் தலையாட்டிவிட்டு நடக்க ஆரம்பித்தாள்.

அப்படியும் முப்பத்தெட்டாவது நிமிடத்தில் வீட்டுக் கதவுக்கு முன்னால் வந்துவிட்டாள். உள்ளே அதே சத்தம். இந்தத் தடவை துண்டு இல்லை போலிருக்கிறது, வாய்விட்டே அழுதுகொண்டிருந்தார். அவள் சாவியைக் கைக்குள் மூடிக்கொண்டு, சத்தம் போடாமல் படியில் உட்கார்ந்தாள்.

பால் வாங்கிக்கொண்டு வந்த மேல்மாடி டீச்சர் அவளைத் தாண்ட முடியாமல் நின்றார். "என்னங்க இங்க உக்காந்திருக்கீங்க? சாவிய மறந்துட்டீங்களா?"

அவள் ஒதுங்கி வழிவிட்டாள்.

"இல்ல டீச்சர். இன்னும் ஓடி முடிக்கல."