அக்கரையில் பறந்த கொடி

நார்வேயில் தொற்று பரவிய வசந்தத்தில் மாவட்டச் சுகாதார அதிகாரி ஸ்தைனார் தினமும் மாலை தொலைக்காட்சியில் தோன்றி, "யாரும் விடுமுறைக்கு மலைவீட்டுக்குப் போகாதீர்கள்" என்பார்.

என் சித்தி தூர்ஹில்ட் மலையிலேயே குடியிருப்பவள். நகரத்தில் புற்றுநோயோடு கிடந்த அவள் அக்கா, என் பெரியம்மா ஓகோத், ஏரிக்கரையிலுள்ள தன் மலைவீட்டில் கண்மூட ஆசைப்பட்டாள். சித்தி அதிகாரியிடம் தொலைபேசியில் கெஞ்சினாள்.

"ஒருத்தருக்கு விட்டா எல்லாரும் கிளம்பிடுவாங்கம்மா," என்றார்.

ஓகோத் அடுக்குமாடி வீட்டிலேயே இறந்தாள். அதன்பிறகும் சித்தி ஒருநாள் தவறாமல் அவர் பேச்சைக் கேட்டாள். "இவன் வழுக்குற நாளுக்குக் காத்திருக்கேன்," என்பாள்.

ஈஸ்டருக்கு முந்தைய புனித வெள்ளியன்று, சித்தி வீட்டுக்கு எதிரே ஏரிக்கு அக்கரையில் அதிகாரியின் மலைவீட்டுக் கம்பத்தில் சிவப்பு நாட்டுக்கொடி பறந்தது. மலைவீட்டுக்கு வந்ததும் கொடியேற்றுவது நார்வேக்காரர்களுக்கு ஊறிய பழக்கம். ஆள் உள்ளே இருக்கிறார் என்று அர்த்தம். திருட்டுத்தனமாக வந்தும் அவர் கை அதை மறக்கவில்லை.

"புகார் குடு சித்தி," என்றேன்.

"புகார் பத்தாதுடி. ஊரே பாக்கணும்."

அன்று மாலை, நகரத்து வீட்டிலிருந்து பேசுவதாகச் சொல்லி, மரச்சுவர் முன் உட்கார்ந்து, தொலைபேசியில் அழைத்த தொலைக்காட்சி நேயர்களுக்குப் பதில் சொன்னார் அதிகாரி. சித்திக்கு இணைப்பு கிடைத்தது.

"ஸ்தைனார், நான் ஓகோத்தோட தங்கச்சி. கேள்வி ஒண்ணுமில்ல. இங்க காத்து பலமா அடிக்குது. உங்க மலைவீட்டுக் கொடி கிழியுது, போய் எறக்கிடுங்க."

அவர் சட்டென்று திரும்பிச் சன்னலைப் பார்த்தார். மாவட்டமே அதைப் பார்த்தது.

சித்தி தொலைபேசியை வைத்துவிட்டு, ஈஸ்டருக்கு மலையில் எல்லோரும் தின்னும் ஆரஞ்சில் அக்காவுக்கென்று வாங்கி வைத்திருந்ததை நிதானமாக உரித்தாள்.